ஒரு மணி நேர எடிட்டிங்கின் விலை

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த என் எடிட்டிங் அறையைக் காலி செய்துவிட்டேன். கழுத்தெலும்பு தேய்மானம். கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் திரையைப் பார்த்தால் இடது கை விரல்கள் மரத்துப்போகின்றன. மருத்துவர் சொன்னதை ஒரு வருடம் தள்ளிப்போட்டுப் பார்த்தேன், பலனில்லை. எனக்கு வயது ஐம்பத்தைந்து. கல்யாணம், காதுகுத்து, கடை விளம்பரம், கம்பெனிப் படம் என்று யார் காட்சிகளைக் கொண்டுவந்தாலும் வெட்டி, ஒட்டி, ஒலி சேர்த்து முழு வீடியோவாகக் கொடுப்பது என் தொழில். முதலில் ஒரு ஸ்டூடியோவில் சம்பளத்துக்குச் செய்தேன். பிறகு தனியாக, மணிக்கு இவ்வளவு என்று விலை வைத்துச் செய்தேன்.

எங்கள் பக்கத்து எடிட்டர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நான் ஓய்வு பெறுவதாக அதில் சொன்ன அன்று எம்.கே.பி. நகரைச் சேர்ந்த ரம்யா என்ற பெண் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "ஸ்டெல்லாக்கா, மணிக்கி எவ்ளோ சொல்றதுன்னே தெரியல. சாஃப்ட்வேரே அஞ்சு நிமிஷத்துல வெட்டிக் குட்த்துடுது, உனக்கு எதுக்கு இத்தினி மணி நேரம்னு கேக்குறாங்க. பேஜாரா கீது." அதன் கீழே இன்னொரு கேள்வி: "ஒருத்தர் காசு குட்த்து வெட்டச் சொன்னத, இன்னொருத்தர் காசு குட்த்து சேர்க்கச் சொன்னா இன்னா பண்றது?"

முதல் கேள்விக்குக் கணக்கு போட்டுப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களிடம் அனுமதி கேட்டேன். பெயரை மாற்றி எழுதிக்கொள் என்றார்கள், மாற்றியிருக்கிறேன்.

நான் தொழில் கற்றது ராயபுரத்தில், வலையும் கயிறும் விற்கும் கடைக்கு மேலே இருந்த ஒரு ஸ்டூடியோவில். அப்பா பலசரக்கு மொத்த வியாபாரம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கணக்கு எழுதத்தான் என்னை அந்த ஸ்டூடியோவில் சேர்த்துவிட்டார். கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தொழில் மாறிய சமயம் அது. எடிட்டர் துபாய்க்குப் போய்விட, காலியான நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார் முதலாளி சந்தானம். ஏழு வருடம் அங்கே இருந்தேன். வேலையைக் கற்றதைவிட அவர் வாடிக்கையாளரை நடத்திய விதத்தைக் கற்றது அதிகம்.

யார் வந்து விலை கேட்டாலும் சந்தானம் சார் உடனே தொகை சொல்ல மாட்டார். "எத்தனை பேர் உட்காருவீங்க?" என்று கேட்பார். வந்தவருக்குப் புரியாது. எங்கள் பகுதியில் கல்யாண வீடியோவை எடிட்டரிடம் விட்டுவிட்டுப் போகும் வழக்கம் அப்போது கிடையாது. குடும்பமே எடிட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, இதை வை, அதை எடு என்று சொல்லும். ஒருவர் உட்கார்ந்தால் ஒரு நாளில் முடியும் வேலை, மாப்பிள்ளையின் அக்காவும் சேர்ந்து உட்கார்ந்தால் மூன்று நாள் இழுக்கும். அதனால் அவருடைய விலை காட்சியின் நீளத்தைப் பொறுத்தது அல்ல, உட்காரும் ஆட்களைப் பொறுத்தது. அறையில் மூன்று நாற்காலிக்கு மேல் போட விடமாட்டார். சுவர்க் கடிகாரத்தை மானிட்டருக்கு மேலே, வாடிக்கையாளர் கண்ணுக்கு நேராக மாட்டியிருந்தார்.

உட்கார்ந்தவர்களுக்குள் தகராறு வந்தால் என்னிடம், "மானிட்டர ஆஃப் பண்ணும்மா" என்பார். பிறகு அவர்களைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "நீங்க பேசி முடிங்க. இந்த நேரம் கணக்குல வராது. சண்டைக்கு நான் காசு வாங்கறதில்ல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். பெரும்பாலான சண்டை அவர் திரும்பி வருவதற்குள் ஓய்ந்திருக்கும். திரை இருட்டாக இருக்கும்போது எதைக் காட்டிச் சண்டை போடுவது?

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. வாடிக்கையாளர் வெட்டிப் போட்ட காட்சியைப் பற்றி டீக்கடையில்கூடப் பேச விடமாட்டார். யார் அழுதார்கள், யார் மொய் கவரைப் பிரித்துப் பார்த்தார்கள், யார் யாரைப் பார்த்தும் பார்க்காதது போல் போனார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். "நேரத்துக்குக் காசு குடுத்தவங்க பார்க்கலாம். மத்தவங்க யாரா இருந்தாலும், அவங்க சொல்லாம காட்டக் கூடாது" என்பார். போலீஸ்காரர் ஒருவர் தன் மச்சினி கல்யாணத்துக் காட்சியைப் பார்க்க வேண்டும் என்று வந்து நின்றபோதும் இதையேதான் சொன்னார், நாற்காலியைத் துடைத்துப் போட்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு.

அவர் கடையை மூடியபோது நான் தனியாகத் தொடங்கினேன். முதல் விலை மணிக்கு நூற்றைம்பது ரூபாய். எப்படி வந்தது என்று கேட்டால், பக்கத்துத் தெருவில் ஒருவர் இருநூறு வாங்கினார், நான் ஐம்பது குறைத்தேன், அவ்வளவுதான். வேலை நிறைய வந்தது. வருட முடிவில் டைரியைப் புரட்டிக் கூட்டினால், சம்பளத்துக்கு இருந்தபோது கிடைத்ததைவிடக் குறைவாகச் சம்பாதித்திருந்தேன். அப்புறம்தான் முறையாகக் கணக்கு போட்டேன். ரம்யாவுக்கு எழுதி அனுப்பியதும் அதுதான்.

அறை வாடகை, மின்சாரம், ஹார்ட் டிஸ்க், இன்டர்நெட், வீட்டுக்கு வேண்டியது எல்லாவற்றையும் மாதத்துக்குக் கூட்டிக்கொள். கம்ப்யூட்டர் நான்கு வருடம் உழைக்கும். அதன் விலையை நாற்பத்தெட்டாகப் பிரித்து ஒரு பங்கைச் சேர். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, அந்த இரண்டு மாதச் செலவை மற்ற பத்து மாதங்களின் தலையில் வை. வந்த தொகையை நீ உட்காரும் மணிகளால் வகுக்காதே, விற்கும் மணிகளால் வகு. ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தால் ஐந்துதான் விற்கும். மிச்சம் போன் பேசுவதிலும், காட்சிகளைக் காப்பி செய்வதிலும், வருகிறேன் என்று சொல்லி வராதவருக்காகக் காத்திருப்பதிலும் போகும். இப்படிக் கணக்கிட்டதில் என் விலை முந்நூற்றைம்பது ஆனது. சொல்லும்போது முதல் சில தடவை குரல் இறங்கியது. பத்து பேரில் நான்கு பேர் திரும்பிப் போனார்கள். மிச்ச ஆறு பேரால் நான் பிழைத்தேன்.

கணக்கில் விட்டுப்போன ஒன்றை எண்ணூரில் ஒரு ஒப்பந்தக்காரரின் மேலாளர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தொழிலாளர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சிப் படம் ஒன்று. எடிட் முடிந்து, மொத்தப் படத்தையும் கம்ப்யூட்டர் ஒரே கோப்பாக மாற்றிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். நான் கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், இப்ப நீங்க வேலை செய்றீங்களா, மிஷின் வேலை செய்யுதா?" என்றார் மேலாளர்.

"மிஷின்தான்."

"அப்ப மிஷினுக்கு எதுக்கு உங்க ரேட்டு?"

நியாயமான கேள்வி. ஆனால் மிஷின் அவர் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும்போது வேறு யார் வேலையையும் நான் எடுக்க முடியாது. அதைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "ஓ, ஐடில் சார்ஜ்! கிரேன் வாடகைக்கு எடுத்தா சும்மா நின்னாலும் குடுக்கிறோமே. ஆனா ஓடற ரேட்டு குடுக்க மாட்டோம். நாலுல ஒண்ணு போட்டுக்கங்க" என்றார். துறைமுகப் பக்கத்து ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். அன்றிலிருந்து என் பில்லில் 'மிஷின் மட்டும்' என்று ஒரு வரி தனியாக, கால் விலையில் இருந்தது. ஒருவர்கூடச் சண்டை போட்டதில்லை.

விலையைப் பற்றி இவ்வளவு போதும். இனி இரண்டாவது கேள்வி.

தேசம்மா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துக் கூறு கட்டி விற்பவர். என் வயதுதான், ஆனால் அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவரை யாரும் வேறு மாதிரி கூப்பிட்டுக் கேட்டதில்லை. கணவர் இறந்து வருடங்கள் ஆகின்றன. இரண்டு பெண்கள். பெரியவளின் கல்யாணக் காட்சிகளை ஒரு ஹார்ட் டிஸ்கில் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். விலையைச் சொன்னதும் சிரித்தார்.

"மணிக்கி காசா? நல்லா கீதே கத! நான் ஒரு கூறு வஞ்சிரம் விக்கிறேன். அத்த புடிக்க எத்தினி நாளு கடல்ல கெடந்தான்னு யாருனா கேக்குறானா? மொத்தமா ஒரு வெல சொல்லு."

"மொத்தமா சொன்னா நீங்க தெனமும் வந்து மாத்தச் சொல்வீங்கக்கா. மணிக்குன்னா சீக்கிரம் முடிவு பண்ணுவீங்க."

"அடிப்பாவி, என்னியே ஓட வைக்கிறியா?" என்றார். ஆனால் ஒப்புக்கொண்டார். தான் ஒருத்தி மட்டும்தான் உட்காருவேன் என்றும் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் வேலை மளமளவென்று போனது. தேசம்மா ஏலம் கேட்பது போலவே முடிவெடுத்தார்: வை, தள்ளு, வை, தள்ளு. தாய்மாமன் சீர் வரும் இடம் வந்தது. எங்கள் பக்கத்தில் மணப்பெண்ணின் தாய்மாமன் பேண்டு வாத்தியத்தோடு சீர்த்தட்டுகளைக் கொண்டுவந்து, பெண்ணுக்குப் புடவை கொடுத்து, நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். மாமன் கை படாமல் பெண் மணவறையில் உட்காருவதில்லை. தேசம்மாவின் தம்பி கன்னியப்பன் விசைப்படகு ஓட்டுபவர். மண்டப வாசலில் புடவைத் தட்டைத் தலைக்கு மேலே தூக்கி, ஆடியபடி வந்தார். படியில் கால் வைத்தார். விழுந்தார். தேங்காய் உருண்டு பேண்டுக்காரர் காலடிக்குப் போனது. வாசலில் இருந்த கேமராக்காரர் நல்ல பையன், உடனே கேமராவைத் தரையைப் பார்த்துத் திருப்பிவிட்டார். அதற்குமேல் செருப்புகள்தான் தெரிந்தன.

"அந்தாண்ட தள்ளு" என்றார் தேசம்மா.

"விழுந்தத மட்டும் எடுத்துடறேன்."

"மொத்தத்தையும் எடு. பட்டம் கட்றதையும் எடு. அதுலயும் ஆடிக்கினுதான் நிப்பான்."

"தாய்மாமன் சீர் இல்லாம எப்படிக்கா?"

"மணி ஓடுது இல்ல? வெட்டு. மாப்ள வூடு மணலி புதுநகர். மாப்ளையோட அப்பா கம்பெனில வேல பாத்து ரிட்டேர் ஆனவரு. நாளைக்கி அவங்க வூட்ல போட்டுப் பாத்து, பொண்ணோட மாமன் குட்ச்சிட்டு வுழுந்தான்னு சிரிக்கணுமா?"

வெட்டினேன். காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர் அவர், முடிவும் அவருடையது. மேடையில் இருந்த இரண்டாவது கேமராவில் அந்த நேரத்துக் காட்சி என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை, எனக்கும் ஓட்டிக்காட்டத் தோன்றவில்லை. வீடியோ அன்றே முடிந்தது. பென் டிரைவில் இரண்டு பிரதி வாங்கிப் போனார்.

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் படியேறி வந்தார் கன்னியப்பன். வெயிலில் கறுத்த, உயரமான ஆள். வாசலிலேயே நின்றார்.

"வீடியோ வெட்றது நீதானா?"

"ஆமா. உள்ள வாங்க."

"என்ன வெட்னதும் நீதானா?"

நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. அவரே சொன்னார். கடலுக்குப் போய்விட்டு வந்த அன்று அக்கா வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து வீடியோ பார்த்திருக்கிறார்கள். சமையல்காரன்கூட வருகிறான். தான் மட்டும் எங்கும் இல்லை. அவர் எழுந்து வந்துவிட்டார். அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் இருப்பவர்கள், "இன்னா மாமு, உன்ன கட் பண்ட்டாங்களாமே" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"யாரு வெட்டச் சொன்னது? அத்த சொல்லு."

"அத நான் சொல்லக் கூடாதுங்க."

"மணிக்கி எவ்ளோ வாங்குற? நான் டபுளா தரேன். என்ன உள்ள வை."

"அந்த வீடியோ உங்க அக்கா நேரம் வாங்கிச் செஞ்சது. அவங்க சொல்லாம நான் தொட முடியாது."

"வைக்க வேணாம். காட்டு. பாத்துட்டுப் போறேன்."

"அதுவும் முடியாதுங்க."

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "செரி. ஒரு மணி நேரத்துக்கு எனக்குப் போடு. ஒண்ணும் காட்டாத. சொம்மா குந்திட்டுப் போறேன். அவ குந்துன எடம்தானே?" என்றார். கருப்பாக இருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கணக்கை ஆரம்பிக்கவில்லை. டீ வரவழைத்தேன், குடிக்கவில்லை. போகும்போது, "சின்ன பொண்ணு நிச்சயத்துக்கு நான் போ மாட்டேன். நீயே அவ கைல சொல்லிடு" என்று மட்டும் சொன்னார்.

நான் சொல்லவில்லை. அவர் நிச்சயதார்த்தத்துக்குப் போகவும் இல்லை. அதற்கு மறுநாள் தேசம்மாவே போன் செய்தார். வழக்கமான அதட்டல் குரலில் இல்லை.

"தை மாசம் சின்னவளுக்குக் கல்யாணம் ஸ்டெல்லா. அவன் மூஞ்சியக்கூட காட்டல. அவன் இல்லாம எம்பொண்ணுக்கு யாரு பட்டம் கட்டுவா? அப்பனும் இல்ல, மாமனும் இல்லன்னு மேடைல நிக்க வைக்கவா?"

"ஏன் வெட்டினீங்கன்னு அவர்கிட்ட சொல்லிடுங்கக்கா."

"இன்னான்னு சொல்வேன்? நீ குட்ச்சிட்டு வுழுந்த, எனக்கு மானம் போச்சின்னா? அப்பறம் அவன் ஜென்மத்துக்கும் வர மாட்டான்."

அவர் விழுந்தது தெரியாமல் சீர்க் காட்சியை மட்டும் சேர்த்துத் தர முடியுமா பார்க்கிறேன் என்றேன். "எத்தினி மணி ஆவும்?" என்று கேட்டார். நான்கு என்றேன். பேரம் பேசவில்லை. பேரம் பேசாத தேசம்மாவை அன்றுதான் பார்த்தேன்.

கடினமான வேலை அது. முதலில் ஒலியைப் போட்டேன். பேண்டு வாத்தியம் தடங்கலில்லாமல் ஓடினால், படம் எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் ஒவ்வொரு துண்டாக வைத்தேன். சீர்த்தட்டு ஏந்திய பெண்களின் வரிசை. புடவைத் தட்டைப் பிடித்திருக்கும் அவர் கைகள், படிக்கு முன்னால் வரை. அடுத்து மேடையில் மணப்பெண் வாசல் பக்கம் நிமிர்ந்து பார்க்கும் முகம். அவள் பார்ப்பதால் அவர் வந்துவிட்டார் என்று பார்ப்பவர் நம்பிவிடுவார். பிறகு பட்டம் கட்டும் இடம். தேசம்மா சொன்னது போல அவர் ஆடிக்கொண்டுதான் நின்றார், பெண் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். ஆனால் முடிச்சுப் போட்டுவிட்டு, கையை எடுத்து, பெண்ணின் முகத்தைப் பார்த்த அந்தக் கொஞ்ச நேரம் ஆட்டமே இல்லை. அதை முழுதாக வைத்தேன்.

வாசலில் விழுந்த நேரத்துக்கு மேடைக் கேமராவிலும் தேடினேன். தூரத்தில் கூட்டம், வெள்ளைச் சட்டை போட்ட யாரோ ஒருவரின் குனிந்த முதுகு. மண்டபத்து ஆள் என்று நினைத்து அத்தோடு நிறுத்திவிட்டேன். முழுக் காட்சியும் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் வந்தது. வேலை இரண்டு நாளுக்கு இழுத்தது. பில் நான்கு மணிக்குத்தான் போட்டேன். தவறாக மதிப்பிட்டது நான், அதற்கு வாடிக்கையாளர் காசு கொடுக்க வேண்டியதில்லை. இதையும் ரம்யாவுக்கு எழுதியிருக்கிறேன்.

"நீயே அவன கூப்புடு. நான் சொன்னேன்னு சொல்லு" என்றார் தேசம்மா. கூப்பிட்டேன். வந்தார். அவருக்கு முன்பே தேசம்மா வந்து உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தார் கன்னியப்பன்.

"அவன சாப்டானான்னு கேளு ஸ்டெல்லா."

"சாப்டாச்சின்னு சொல்லு மேடம்."

ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவில் நான் தபால்காரியாக இருந்தேன். மேலும் தபால் வருவதற்குள் காட்சியை ஓட்டினேன்.

கன்னியப்பன் முன்னால் சாய்ந்து பார்த்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் பார்த்தார். தேசம்மா திரையைப் பார்க்கவில்லை, தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா இது?" என்றார் அவர். "நான் வுழுந்தது எங்க?"

தேசம்மா என்னைப் பார்த்தார். நான் மவுஸைப் பார்த்தேன்.

"அவனுக்கு ஞாபகம் கீதான்னு கேளு" என்றார் தேசம்மா.

"முட்டி ரெண்டும் வீங்கிப்போயி நொண்டிக்கினு கெடந்தேன். ஞாபகம் கீதாவாம்! கடல்ல இருந்து நேரா எறங்கி வந்தேன். கண்ணு மூடல. தரையே ஆடிக்கினு கெடந்துச்சி. கொஞ்சம் போட்டேன், இல்லன்னு சொல்ல மாட்டேன். வுழுந்தேன். காசிமேடே பாத்துச்சி. அத்த வெட்டிட்டா இல்லன்னு ஆய்டுமா?"

தேசம்மாவுக்கு அதற்குமேல் என் மூலமாகப் பேச முடியவில்லை. நேராகத் திரும்பினார்.

"உனுக்காகத்தான்டா வெட்னேன்! சம்பந்தி வூட்ல போட்டுப் பாத்து உன்னப் பாத்து சிரிப்பாங்கன்னு!"

"சம்பந்தியா? அவருதான் என்ன தூக்கனாரு!"

சந்தானம் சார் இருந்திருந்தால் மானிட்டரை அணைக்கச் சொல்லியிருப்பார். எனக்கு அந்த வெள்ளைச் சட்டை நினைவுக்கு வந்தது. மேடைக் கேமராவின் காட்சியைத் திறந்து, அந்த இடத்தைப் பெரிதாக்கி ஓட்டினேன். நான் முன்பு நிறுத்திய இடத்தைத் தாண்டியும் ஓடியது. வெள்ளைச் சட்டைக்காரர் கன்னியப்பனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். வேட்டியில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பேண்டுக்காரரிடமிருந்து தேங்காயை வாங்கித் தட்டில் வைத்தார். பிறகு திரும்பினார். மாப்பிள்ளையின் அப்பா.

தேசம்மா நாற்காலியை முன்னால் இழுத்தார். "அவரு உங்கிட்ட இன்னாமோ சொல்றாருடா."

"'மெதுவா வா மச்சான், பொண்ணு எங்கயும் ஓடிடாது'ன்னாரு."

தேசம்மா சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே நின்றுபோனது. "நான் அப்ப உள்ள சமையக்கட்டுல இருந்தேன். இத்த ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா? நான் பாட்டுக்கு வந்து குந்துனேன். வீடியோவுல எல்லாரும் கீறாங்க, நான் இல்ல. பொண்ணக் கட்டிக் குட்த்தாச்சி, இனிமே மாமன் எதுக்குன்னு நெனச்சிட்டன்னு நெனச்சேன்."

"அப்டியா நெனப்ப? போயும் போயும் அப்டியா நெனப்ப?"

தேசம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வை ஸ்டெல்லா."

"எதக்கா?"

"வுழுறத. தூக்குறத. எல்லாத்தையும் வை."

"வுழுறத கொஞ்சமா வை மேடம்," என்றார் கன்னியப்பன். "தூக்குறத முழுசா வை."

அப்படியே வைத்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள். விழும் இடத்தில் எவ்வளவு விடுவது என்று அக்கா ஒன்று சொன்னார், தம்பி ஒன்று சொன்னார். தேங்காய் உருளுவதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதற்கு ஒரு வாக்குவாதம் நடந்தது. தேங்காய் வேண்டும் என்ற கன்னியப்பன் ஜெயித்தார். வேலை முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுத்தார்கள். "இது என் கணக்கு" என்றார் அவர். "வீடியோ என்னுது" என்றார் தேசம்மா. ஆளுக்குப் பாதியாகப் பில் போட்டேன். ஒரே வேலைக்கு இரண்டு பேரிடம் நான் காசு வாங்கியது அந்த ஒரு முறைதான்.

பென் டிரைவை இரண்டு பேரில் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மேசை மேல் வைத்தேன். கன்னியப்பன் அதை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். எழுந்து வாசல் வரைக்கும் போய், செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பி நின்றார்.

"யக்கா, சின்னவளுக்கு எந்தக் கலர் பொடவ எடுக்கட்டும்?"

தேசம்மா பென் டிரைவைச் சுருக்குப்பையில் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டி, இடுப்பில் செருகினார்.

"பச்ச," என்றார். "மாம்பழக் கலர் பார்டர் போட்டது. நீ பாட்டுக்கு எதுனா ஒண்ண இஸ்துகினு வந்துடாத. கடைக்கி நானும் வரேன்."